நட்டஈடு வந்துச்சு, தண்ணி வரலையே

இயற்கை விவசாயத்துக்கு மாறலாமா என்று கேட்டு வருகிறவர்களுக்கு நாம் எல்லோரும் ஒரு தைரியம் சொல்வோம். “மருந்தை நிறுத்துங்க. பலதானியம் விதைச்சு மடக்கி உழுங்க. ரெண்டு மூணு வருஷத்துல மண்ணு தானா தேறிடும்.” பூச்சிமருந்துக்கும் உப்பு உரத்துக்கும் இது பெரும்பாலும் சரிதான். சான்றளிப்பிலும் ஒருபோகப் பயிருக்கு 2 ஆண்டு, நீண்டகாலப் பயிருக்கு 3 ஆண்டு என்றுதான் மாற்றுக்காலம் வைத்திருக்கிறார்கள். ஆனால் மூடிப்போன ரசாயன ஆலைக்குப் பக்கத்தில் கழனி வைத்திருப்பவரிடமும் இதே தைரியத்தைச் சொல்லி அனுப்புகிறோம். அதை நிறுத்த வேண்டும் என்பதுதான் என் கருத்து. குரோமியம் ஒரு தனிமம். அது மக்காது. எத்தனை வருஷம் காத்திருந்தாலும் போன இடத்தில் இருக்கும், இல்லையென்றால் தண்ணீரோடு அடுத்தவர் கிணற்றுக்குப் போகும்.

நான் இருப்பது திருநின்றவூர். எங்க ஆளுங்க வாயில் திண்ணனூர். கிழக்கே 1964-இல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டை, மேற்கே காக்களூர், தெற்கே திருமழிசை. மூன்று பக்கமும் தொழிற்பேட்டை, நடுவில் எங்கள் ஏரியும் மிச்சமிருக்கிற கழனியும் கொல்லையும். எனக்கு ஏன் இந்த விஷயத்தில் அக்கறை என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. இருந்தாலும், குரோமியம் நிலத்தடி நீரை என்ன செய்யும், அதை மீட்க எவ்வளவு பாடு என்று பார்க்க வேண்டுமானால் அரக்கோணம் தாண்டி வாலாஜா ரோட்டில் இறங்கி ராணிப்பேட்டைக்குத்தான் போக வேண்டும்.

ராணிப்பேட்டை சிப்காட்டில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் என்ற ஆலை 1970-களின் நடுவில் வந்தது. தோல் பதனிடுகிறவர்களுக்கு வேண்டிய குரோமியம் உப்புகளைச் செய்தது. குரோமியத் தாதுவைச் சோடா உப்போடும் சுண்ணாம்போடும் வறுத்து, தண்ணீர் விட்டுக் கரைத்து எடுப்பார்கள். எடுத்தது போக மிஞ்சுகிற சக்கையிலும் குரோமியம் இருக்கும். அந்தச் சக்கையை ஆலை வளாகத்திலேயே கொட்டி வைத்தார்கள். 1990-களின் நடுவில் ஆலை மூடிவிட்டது. குவியல் மட்டும் இரண்டு லட்சம் டன்னுக்கு மேல் அங்கேயே நின்றது. மழை பெய்தால் மஞ்சளாக வடியும். பிளாக்ஸ்மித் இன்ஸ்டிட்யூட் 2006-இல் வெளியிட்ட, உலகத்தில் மிக மோசமாக மாசடைந்த பத்து இடங்களின் பட்டியலில் ராணிப்பேட்டையும் ஒன்று. செர்னோபில் இருந்த பட்டியல் அது.

இந்தச் சக்கையின் குணத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். குரோமியத்தில் இரண்டு வகை நமக்கு முக்கியம். மூன்றாம் நிலைக் குரோமியம் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, மண்ணைப் பிடித்துக்கொள்ளும். ஆறாம் நிலைக் குரோமியம் நன்றாகக் கரையும், தண்ணீரோடு ஓடும், புற்றுநோயைத் தரக்கூடியது. வறுத்த சக்கையில் மிஞ்சி நிற்பதில் இந்த ஆறாம் நிலையும் உண்டு. அதுவும் ஒரே மழையில் கரைந்து தீர்ந்துவிடாது. வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துகொண்டே இருக்கும். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தில் இதே மாதிரியான ஆலை 1960-களில் மூடப்பட்டது. அதன் கழிவு கிடக்கும் பகுதியில் ஓடும் ஓடை, அரை நூற்றாண்டு கழித்து, 2019-லும் 2021-லும் பச்சையாக மாறியது. ‘ஆலைதான் மூடியாச்சே, இனிமே என்ன’ என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்லலாம்.

“எங்க கிணத்துத் தண்ணி தெளிவா தானே இருக்கு” என்பது அடுத்த பேச்சு. குடிநீரில் குரோமியத்துக்கு இந்தியத் தர நிர்ணயம் வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். பாசன நீருக்கு உலக உணவு வேளாண் அமைப்பு சொல்வது 0.1 மில்லிகிராம். கண்ணுக்கு மஞ்சள் தெரிய வேண்டுமென்றால் அதைப்போலப் பல மடங்கு இருக்க வேண்டும். கண் இதற்கு உதவாது. வேளாண்துறைப் பரிசோதனை நிலையத்தில் வழக்கமாகச் செய்கிற பாசனநீர்ச் சோதனையும் உதவாது. கார அமிலத் தன்மை, உப்பின் அளவு, சோடியம் என்று அந்தச் சீட்டு நின்றுவிடும். கன உலோகத்தைத் தனியாகக் கேட்டு, அதற்குரிய ஆய்வகத்தில்தான் பார்க்க வேண்டும்.

இனி காசு விஷயத்துக்கு வருகிறேன்.

பாலாற்றுத் தோல் கழிவுக்கு எதிராக வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்த நாட்டின் சட்டம் என்று அதில் எழுதினார்கள். அந்தச் செலவில் இரண்டு பங்கு உண்டு என்றும் தெளிவாகச் சொன்னார்கள். பாதிக்கப்பட்டவருக்கு நட்டஈடு ஒன்று. கெட்டுப்போன இயற்கையை மீட்கும் செலவு இன்னொன்று. பிறகு வந்த ஆணையம் 2001-இல் கணக்குப் பார்த்து, 29,193 பேருக்கு 26.82 கோடி ரூபாய் என்று முடிவு செய்தது. வகுத்துப் பாருங்கள், தலைக்குச் சராசரி 9,200 ரூபாய்கூட வராது. ஒரு போர் போடக் காணாது. அந்தப் பணத்தையும் முழுசாக வாங்க முடியாமல் இழுத்தடித்து, 2025 ஜனவரி 30 அன்று உச்சநீதிமன்றம் திரும்பவும் தலையிட வேண்டி வந்தது. பாக்கி நட்டஈட்டை அரசு முதலில் கொடுத்துவிட்டு மாசுபடுத்தியவர்களிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்றார்கள். நல்ல உத்தரவு. ஆனால் 1996-இல் சொன்ன இரண்டாவது பங்கு, அந்தத் தண்ணீர், எங்கே?

நாமும் இதற்குக் கொஞ்சம் பொறுப்பு என்று நினைக்கிறேன். போராட்டம் என்றால் நம் முழக்கம் பெரும்பாலும் ‘ஆலையை மூடு’, ‘நட்டஈடு கொடு’ என்று நின்றுவிடுகிறது. ஆலையை மூடினால் வெற்றி என்று இனிப்புக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகிறோம். மூடின ஆலைக்கு முகவரி கிடையாது. ஓடுகிற ஆலையிடம் வசூலிக்கலாம், கரண்ட்டைப் பிடுங்கலாம். கதவைச் சாத்திவிட்டுப் போன கம்பெனியை எந்த வாசலில் போய்ப் பிடிப்பது? ஆகவே ஓடும்போதே, பிற்காலத்தில் நிலத்தைச் சுத்தம் செய்வதற்கு என்று ஒரு வைப்புத்தொகையை ஒவ்வொரு ரசாயன ஆலையிடமும் வாங்கி வைக்க வேண்டும் என்பது நம் கோரிக்கையில் முதல் வரியாக இருக்கணும்.

கம்பெனி உயிரோடு இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவில், கலிஃபோர்னியாவின் ஹிங்க்லி என்ற சிற்றூர் உதாரணம். பசிபிக் கேஸ் அண்டு எலக்ட்ரிக் என்ற கம்பெனி அங்கே 1952 முதல் 1966 வரை ஆறாம் நிலைக் குரோமியம் கலந்த கழிவுநீரை வெறும் மண் குட்டைகளில் விட்டது. 1987-இல் விஷயம் வெளியே வந்தது. 1996-இல் ஊராருக்கு 333 மில்லியன் டாலர் கொடுத்துச் சமரசம் ஆனது. ‘எரின் ப்ராக்கோவிச்’ என்ற சினிமா 2000-இல் வந்ததும் இந்தக் கதைதான். சினிமா காசோலையோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு நடந்ததுதான் நமக்குப் பாடம். தண்ணீரைச் சுத்தம் செய்யும் வேலை இன்னும் பல பத்தாண்டு வேலையாக அங்கே நடந்துகொண்டே இருக்கிறது.

எப்படிச் செய்கிறார்கள் என்பது நம் வாசகர்களுக்குப் பிடிக்கும். கெட்ட தண்ணீரை இறைத்துக் குதிரைமசால் வயலுக்குப் பாய்ச்சுகிறார்கள். வேர்ப்பகுதியில் இருக்கும் நுண்ணுயிர்களும் மட்கும் சேர்ந்து ஆறாம் நிலையை மூன்றாம் நிலையாக மாற்றி மண்ணிலேயே கட்டிப்போடுகின்றன. இன்னொரு பக்கம், பூமிக்குள் எத்தனாலைச் செலுத்தி, அடியிலிருக்கும் நுண்ணுயிர்களுக்குத் தீனி போட்டு இதே வேலையை வாங்குகிறார்கள். சில நாடுகளில் சர்க்கரை ஆலை மொலாசஸையே செலுத்துகிறார்கள். நாம் ஜீவாமிர்தத்துக்கு வெல்லம் போடும் அதே நியாயம்தான்.

உடனே, “அப்ப ஜீவாமிர்தமே போதும்ல?” என்று ஒருத்தர் கேட்பார். போதாது. ராணிப்பேட்டை மாதிரி இடத்தில் மேலே இரண்டு லட்சம் டன் குவியலை வைத்துக்கொண்டு கீழே என்ன செய்தாலும், ஓட்டைக் குடத்துக்கு அடியில் துணி பிடிக்கிற கதைதான். முதலில் குவியலை எடுத்துப் பாதுகாப்பான இடத்தில் அடைக்கணும், அல்லது மழை இறங்காமல் முழுக்க மூடி, பக்கவாட்டில் தடுப்பு கட்டணும். பிறகு நீரை இறைத்துச் சுத்திகரிக்கணும். நுண்ணுயிர் வேலை அதற்குப் பின்னால், மிச்சம் மீதிக்கு. வருஷக்கணக்கில் கண்காணிப்புக் கிணறுகளும் வேண்டும். இது அரசும் ஆலையும் செய்ய வேண்டிய வேலை. ஒரு ட்ரம் கரைசலை வைத்துக்கொண்டு உழவன் தலையில் சுமக்கிற வேலை கிடையாது.

2025 ஜூலையில் ஒன்றிய அரசு, மாசடைந்த இடங்களை மேலாண்மை செய்வதற்கென்று தனி விதிகளை அறிவித்தது. நாடு முழுக்க 103 இடங்கள் மாசடைந்தவை என்று அடையாளம் கண்டிருந்தும், 7 இடங்களில்தான் மீட்பு வேலையே தொடங்கியிருந்த நேரம் அது. புது விதிப்படி, மாசு இருக்கும் என்று சந்தேகப்படும் இடங்களை மாவட்ட நிர்வாகம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பட்டியலிட்டு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தர வேண்டும். வாரியம் 90 நாளில் முதல்கட்டமாக ஆராய வேண்டும். பொறுப்பாளி கிடைத்தால் செலவு அவருடையது. கிடைக்காவிட்டால் அரசுகளுடையது. ஒரு பெரிய ஓட்டையும் இருக்கிறது. மாசு உறுதியான பிறகு இத்தனை வருஷத்துக்குள் சுத்தம் செய்து முடிக்கணும் என்று கெடு எதுவும் வைக்கவில்லை. ராணிப்பேட்டையைப் பார்த்தவர்களுக்கு அந்த ஓட்டையின் அளவு தெரியும்.

ஆனாலும் ஒரு கைப்பிடி கிடைத்திருக்கிறது, ஏனென்றால் பொதுமக்கள் புகார் கொடுத்தாலும் இடத்தைப் பட்டியலில் சேர்க்கலாம். திருவள்ளூர் மாவட்டத்தில் பழைய ஆலை எங்கே இருந்தது, மின்முலாம் பட்டறை எந்தத் தெருவில் ஓடியது, கழிவை எந்தப் பள்ளத்தில் கொட்டினார்கள் என்று அந்தந்த ஊர்ப் பெரியவர்களுக்குத்தான் தெரியும். அதிகாரிக்கு ரெண்டு வருஷத்தில் மாற்றல் வந்துவிடும். எங்கள் பக்கம் பழைய பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடி, மனையாகவும் அடுக்குமாடியாகவும் மாறிவருகின்றன. மேலே தளம் போட்டுவிட்டால் கீழே என்ன இருந்தது என்று சொல்ல ஆளே இருக்காது. அதற்கு முன்னால் எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

இதில் தண்ணீர் லாரிக்காரர்களையும் சேர்த்துச் சொல்லணும். எங்கள் சுற்றுவட்டாரத்தில் கிணற்றுத் தண்ணீரை லாரிக்கு விற்பது புதுசு கிடையாது. பயிர் வைத்து நட்டப்பட்டவர் தண்ணியை விற்கிறார், அவரைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது. ஆனால் எங்கள் பூமி மணலும் களியும் மாறி மாறிப் படிந்தது. ஒரு போரில் ராப்பகலாக இறைத்தால் நாலாபக்கத்து நீரும் அதை நோக்கி நகரும், கெட்ட நீரும் அதோடு சேர்ந்து வரும். ‘என் கிணறு நல்லா இருக்கே’ என்பது இந்த வருஷத்துக் கணக்கு.

அடுத்த உழவர் குறைதீர் நாள் கூட்டத்துக்கு இந்த மனுவை எடுத்துக்கொண்டு போகலாம் என்று எங்கள் குழுவில் பேசியிருக்கிறோம். மனுவில் நாங்கள் கேட்பது: சந்தேக இடங்களின் பட்டியலில் திருவள்ளூர் மாவட்டத்தில் என்னென்ன இருக்கின்றன, பட்டியலை எந்தத் தேதியில் வாரியத்துக்கு அனுப்பினார்கள், தொழிற்பேட்டைகளைச் சுற்றிய பாசனக் கிணறுகளில் கோடையில் ஒன்று, வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு ஒன்று என்று வருஷத்துக்கு இரண்டு முறை கன உலோகச் சோதனையை அரசு செலவில் செய்து தருவார்களா. கூடவே நாங்கள் அறிந்த பழைய இடங்களைச் சர்வே எண்ணோடு இணைக்கிறோம். ஊராட்சிக்காரர்கள் மார்ச் 22 கிராம சபையில் இதையே தீர்மானமாகப் போடலாம். தண்ணீர் நாளுக்கென்றே வைக்கிற சபை அது. பூந்தமல்லி, ஆவடி பக்கத்து நண்பர்கள் தங்கள் ஊர்ப் பட்டியலைத் தயார் செய்துகொண்டு வந்தால் சேர்ந்தே கொடுத்துவிடலாம். சர்வே எண் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, எந்த ஏரியின் வரத்துக் கால்வாய்ப் பக்கம் என்றாவது குறித்துக்கொண்டு வாருங்கள்.