ஹாரிசன் தந்தையல்ல, ஆனால் வெறும் கமிட்டிக்காரருமல்ல

ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தின் தந்தை யார் என்று நூறாண்டுக்கு முன் மெல்பர்னில் கேட்டிருந்தால், ஹெச்.சி.ஏ. ஹாரிசன் என்று பதில் வந்திருக்கும். இன்று டாம் வில்ஸ் என்கிறார்கள். இந்தத் திருத்தம் நியாயமானதே. கிரிக்கெட் வீரர்கள் குளிர்காலத்தில் சும்மா இருந்து உடலைக் கெடுத்துக்கொள்ளாமலிருக்க ஒரு கால்பந்துக் கழகம் வேண்டும் என்று 1858 ஜூலையில் பத்திரிகைக்குக் கடிதம் எழுதியவர் வில்ஸ். மறு ஆண்டு மே 17ஆம் தேதி மெல்பர்ன் கழகத்துக்குப் பத்து விதிகளை வகுத்தவர்களிலும் அவர் உண்டு. ஹாரிசன் அங்கே இல்லை. ஆனால், பட்டத்தைப் பறித்த கையோடு ஹாரிசனின் உழைப்பையும் சேர்த்துத் தள்ளிவிடுவது அநியாயம்.

ஒரு கழகம் எழுதிய விதி, ஊருக்கே விதியாகிவிடாது. அடுத்த சில ஆண்டுகளில் கழகத்துக்குக் கழகம் வழக்கம் மாறியது. பந்தோடு ஓடலாமா என்பதே ஓயாத சண்டை. 1866 மே மாதம் கழகப் பிரதிநிதிகளைக் கூட்டித் தலைமையேற்று, தான் தயாரித்த விதிகளை ஏற்கவைத்தவர் ஹாரிசன். அவற்றில் ஒன்றைக் கொஞ்சம் கவனியுங்கள்: பந்தோடு ஓடுபவர் ஐந்தாறு கஜத்துக்கு ஒருமுறை அதைத் தரையில் தட்டியாக வேண்டும். ஓட்டப்பந்தயத்தில் பெயர் பெற்றவர் ஹாரிசன். தங்குதடையில்லாமல் ஓட விட்டிருந்தால் முதல் லாபம் அவருக்குத்தான். தன் காலுக்கே கடிவாளம் போடும் விதியை அவரே கொண்டுவந்தார். தூரம் இன்று 15 மீட்டராகிவிட்டது, விதி அப்படியேதான் இருக்கிறது.

ஹாரிசன் புகழ்பெற்றதே 92 வயது வரை வாழ்ந்ததால்தான் என்பார்கள். அதில் உண்மை உண்டு. அவர் கௌரவமான அரசு அதிகாரி. மாமன் மகனும் மைத்துனருமான வில்ஸோ குடியில் சீரழிந்து, 1880இல் தன் 44ஆம் வயதில் தற்கொலை செய்துகொண்டார்; அன்றைய சமூகம் அவர் பெயரைச் சொல்லவே கூசியது. ஆனால் அந்தக் கூச்சத்தை ஹாரிசன் தனக்குச் சாதகமாக்கிக்கொள்ளவில்லை. நமக்கென ஒரு விளையாட்டை நாமே உருவாக்கலாம் என்று சொன்னவர் வில்ஸ்தான் என்பதை 1923இல் தன் சுயசரிதையில் அவரே எழுதிவைத்தார்.

அவர் இல்லாவிட்டால் வேறு யாராவது செய்திருப்பார்கள் என்றும் வாதிடலாம். யார்? வில்ஸ் 1861இல் குவீன்ஸ்லாந்துக்குப் போய்விட்டார். அங்கே பழங்குடியினர் தாக்குதலில் அவர் தந்தை உட்பட 19 பேர் இறந்தனர் (பதிலுக்கு வெள்ளையர் கொன்று குவித்த பழங்குடியினர் அதைவிடப் பல மடங்கு). திரும்பி வந்தவர் நிலைகுலைந்திருந்தார். 1877இல் விக்டோரியா கால்பந்துச் சங்கம் பிறந்தபோதும் துணைத் தலைவராக அதன் மேசையில் இருந்தவர் ஹாரிசன். கூட்டம் கூட்டுவதும் வரைவு எழுதுவதும் ஆளுக்கு ஆள் இழுத்துப் பேசிச் சம்மதிக்கவைப்பதும் கடிதம் எழுதுவதைவிடச் சிறிய வேலை என்று யார் முடிவு செய்தது?