வைப்புப் பணமும் வதிவுரிமையும்

அந்நியர் ஒருவர் ஒரு நாட்டில் நெடுங்காலம் தங்கி வாழ்வதற்கு எதனை ஈடாகத் தரவேண்டும்? இவ்வினாவுக்கு இலங்கை அரசு இரு வேறு விடைகளை அளித்துள்ளது. அவற்றை அருகருகே வைத்து நோக்கினால், சட்டத்தின் கதவு யாருக்குத் திறக்கிறது, யாருக்குச் சாத்தப்படுகிறது என்பது தெளிவாகும்.

முதல் விடை ஓய்வுபெற்ற வெளிநாட்டவருக்குரியது. 'எனது கனவு இல்லம்' எனும் விசாத் திட்டம், 55 வயது நிரம்பிய வெளிநாட்டவர் இந்நாட்டு வங்கியொன்றில் 15,000 அமெரிக்க டொலரை வைப்பிலிட்டு, மாதந்தோறும் 1,500 டொலரைத் தருவிக்க வேண்டுமென விதித்தது. அவ்வாறு செய்வோர் ஈராண்டு வதிவிட விசாவைப் பெற்றுப் பின்னர் நீடித்துக்கொள்ளலாம். 2022இல், 100,000 டொலர் வைப்புக்குப் பத்தாண்டு விசா எனும் மற்றொரு திட்டமும் அறிவிக்கப்பட்டது. இத்திட்டங்களில் எவருடைய பாட்டனாரின் பிறப்பிடமும் வினவப்படவில்லை.

இரண்டாவது விடையை அறிய வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. கண்டி நகரின் மஹய்யாவவிலே மாநகர சபையின் துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்பு உள்ளது. ஆங்கிலேயர் ஆட்சியில் நகரைத் துப்புரவு செய்வதற்காகத் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழரின் வழித்தோன்றல்களே அங்கு வாழ்வோரிற் பலர். பெருந்தெருக்களைக் கூட்டியவர்களும் மலைச்சரிவுகளிற் கொழுந்து பறித்தவர்களும் ஒரே சட்டத்தின் முன்னேதான் அந்நியராக நிறுத்தப்பட்டனர்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், இந்நாட்டில் பிறந்தவரிடமும் தந்தை இங்கு பிறந்தமைக்கு, அன்றேல் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தமைக்குச் சான்று கேட்டது. 1949இன் இந்திய, பாக்கிஸ்தானிய வதிவாளர் சட்டமோ, 1946 தை முதலாந் திகதிக்கு முன்னர் மணமானோர் 7 ஆண்டுகளும் ஏனையோர் 10 ஆண்டுகளும் இடையறாது வாழ்ந்தமையை நிறுவுமாறு கோரியது. சுமார் 8 இலட்சத்து 24 ஆயிரம் பேருக்காக விண்ணப்பிக்கப்பட்டது. உரிமை பெற்றோர் ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே. எழுதப் படிக்க வாய்ப்பளிக்கப்படாத மக்களிடம் எழுத்துச் சான்று கேட்டதன் விளைவு இது.

பின்னர் 1964இல் ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 9,75,000 மக்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என இரு அரசுகளும் பிரித்துக்கொண்டன. எஞ்சிய 1,50,000 பேரையும் 1974இல் சரிபாதியாகப் பங்கிட்டன. இந்தியக் கடவுச்சீட்டுப் பெற்றோர், தாம் பிறந்த மண்ணிலேயே வதிவிட விசாவின் தயவில் வாழ நேர்ந்தது. விசாக் காலம் முடிந்தபின் தங்கியோர் சட்டவிரோத வாசிகளாயினர். 1984இல் தலைமன்னார் - இராமேஸ்வரம் கப்பற்சேவை நின்றபோது, செல்லவும் வழியின்றி நிற்கவும் உரிமையின்றிப் பல்லாயிரவர் தவித்தனர். 1988இன் சட்டமும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமுமே இந்நிலையை மாற்றின. அரை நூற்றாண்டு அதற்குள் கழிந்துவிட்டது.

வைப்புப் பணம் நாட்டுக்கு அந்நியச் செலாவணி தருகிறது. ஆதலால் இவ்வொப்பீடு பொருந்தாது என வாதிடுவோர் உளர். அவ்வாதம் தன்னையே முறியடித்துக்கொள்கிறது. சுதந்திரத்தின்போது இலங்கையின் அந்நியச் செலாவணியை ஈட்டித் தந்தவற்றுள் முதன்மையானது தேயிலை. அதனைப் பறித்த கைகளுக்கே வாழும் உரிமை மறுக்கப்பட்டது. ஆகவே செலாவணியன்று, அதனைக் கொணர்பவரின் வர்க்கமே அளவுகோலாயிற்று. முதலாக வரும் டொலருக்கு மதிப்புண்டு. உழைப்பாக வந்த டொலருக்கு மதிப்பில்லை.

வெளிநாட்டு முதியோர் கண்டியின் குளிர்ச்சியை நாடி வருவதில் தவறேதுமில்லை. அவர்களது வருகையை ஒழுங்குசெய்யும் உரிமையும் அரசுக்கு உண்டு. ஆனால் முடிவில்லாத நீடிப்பு என்பது உரிமையன்று. ஆண்டுதோறும் கையேந்த வைக்கும் ஏற்பாடே. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003ஆம் ஆண்டு நெறிமுறை, ஐந்தாண்டுக்காலச் சட்டபூர்வ வதிவையே நீண்டகால வதிவுரிமைக்கு அடிப்படையாக ஏற்றது. இத்தகைய நியதி இலங்கைக்கும் வேண்டும். குறித்த காலம் ஒரு மண்ணில் வாழ்ந்து உழைத்தவருக்கு அவ்வாழ்வே உரிமைச் சான்றாதல் வேண்டும். வங்கிக் கணக்கோ பாட்டனாரின் பிறப்புப் பத்திரமோ அதற்கு முன்னிபந்தனையாதல் ஆகாது.

2003இன் சட்டத்தோடு கணக்குத் தீர்ந்துவிட்டதென அமைதி கொள்வதும் தகாது. ஒருமுறை வழங்கிய நிவாரணம் வேறு, நிலையான கொள்கை வேறு. உழைப்பால் உரிமை பிறக்கும் எனும் கோட்பாடு சட்டத்தில் இடம்பெறாதவரை, நாளை இந்நாட்டுக்கு உழைக்க வரும் வேறொரு மக்கட்கூட்டத்துக்கும் மஹய்யாவவின் பழைய கதையே காத்திருக்கும்.