நூல் வாங்குவோரும் நூல் படிப்போரும்



"அரிய நூல்களின் முதற்பதிப்பை வாங்கி வையுங்கள், பின்னாளில் நல்ல விலைக்குப் போகும்" என்று மாணவர்களுக்கு அறிவுரை கூறுவோர் உளர். இவ்வறிவுரையை நான் வன்மையாக மறுக்கிறேன். நூலை முதலீடாக மட்டுமே பார்க்கப் பழகிய பிள்ளை அதனைப் படிக்கப் பழகாது.

செக் எழுத்தாளர் காரெல் சாபெக்கின் 'ஆர்.யு.ஆர்.' என்னும் அறிவியல் புனைவு நாடகத்தை எடுத்துக்கொள்வோம். 1920-இல் பிராக் நகரின் அவெந்தினும் பதிப்பகம் இதனை வெளியிட்டது. அட்டையை வரைந்தவர் ஆசிரியரின் தமையன் யோசெப். 'ரோபோ' என்னும் சொல்லைத் தம்பிக்கு எடுத்துக் கொடுத்தவரும் அவரே. செக் மொழியில் 'ரொபோட்டா' என்பது பண்ணையடிமைகள் செய்த கட்டாய உழைப்பைக் குறிக்கும்.

அந்நாடகத்தின் ரோபோக்கள் இரும்புப் பொம்மைகள் அல்லர். வேதிப்பொருளால் உருவான, மனிதரையொத்த உடலினர். அவர்களை உற்பத்தி செய்து விற்கிறது ஒரு நிறுவனம். இறுதியில் அவர்கள் கிளர்ந்தெழுகின்றனர். உயிரை விலைப்பொருளாக்குவதைக் கண்டித்த நாடகம், இன்று தானே விலைப்பொருளாகிவிட்டது! பழம்பதிப்புச் சந்தையில் மேலுறை கிழியாதிருந்தால் நூலின் விலை பன்மடங்கு உயர்கிறது. உறைக்குக் கிடைக்கும் மதிப்பு உரையாடலுக்கு இல்லை.

"அப்படியாயின் பழைய பதிப்பே எதற்கு? எல்லாம் இணையத்தில் இருக்கிறதே!" என்பர் சிலர். இதனையும் நான் ஏற்கமாட்டேன். 1923-இல் வெளிவந்த பால் செல்வரின் ஆங்கில ஆக்கம் மூலத்தைச் சுருக்கியது. தாமோன் என்னும் ரோபோ பாத்திரத்தையே நீக்கியது. ஆங்கிலம் வழியாக மட்டும் இதனைப் படித்தோர் பல்லாண்டுகள் குறைபட்ட நாடகத்தையே அறிந்திருந்தனர். செக் மூலத்தோடு ஒப்பிட்டால்தான் அக்குறை புலப்படும். ஆகவே, பழம்பதிப்பைக் காப்பது தேவையே. ஆனால் அது ஒப்பிட்டு ஆராய்வதற்காக இருக்க வேண்டும். பூட்டி வைத்துப் பெருமை பேசுவதற்காக அன்று.

சேகரிப்போர்க்கு என் வேண்டுகோள் இதுதான்: உங்கள் பேழையிலுள்ள ஏடுகளைப் படியெடுக்க இசைவு தாருங்கள், ஆய்வாளர்க்குத் திறந்து காட்டுங்கள். ஆசிரியர்களே, இந்நாடகத்தின் ஒரு காட்சியையேனும் தமிழாக்கி வகுப்பில் நடிக்கச் செய்யுங்கள். "உழைப்பவன் பொருளா, உயிரா?" என்று மாணவர்கள் வாதிடட்டும். பெற்றோர்களே, பிள்ளை ஒரு நூலைக் கொண்டுவந்து காட்டினால் விலையைக் கேளாதீர். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள்.

நாடகம் நடிப்பதற்கே பிறந்தது. பூட்டிய பேழைக்குள் அது ஊமையாகிறது.

சிந்திப்போம், செயல்படுவோம்.