சூரியகாந்தியோடு நின்றுவிட்டோம்

ஜூலை பிறந்தால் குண்டலுபேட்டைச் சுற்றுவட்டாரம் மஞ்சளாகிவிடும். ஊட்டியிலிருந்து முதுமலை, பந்திப்பூர் தாண்டி மைசூர் போய்வருகிற தமிழ்நாட்டு வண்டிகள் சூரியகாந்தி வயலைக் கண்டதும் ஓரங்கட்டி நிற்கின்றன. வயல்காரரிடம் பத்தோ இருபதோ கொடுத்துவிட்டு உள்ளே இறங்குகிறோம், படம் எடுத்துக்கொள்கிறோம். இரவு ஒன்பது மணிக்குக் காட்டுச்சாலையை மூடிவிடுவார்கள் என்ற அவசரத்தில் கிளம்பிவிடுகிறோம். ஆண்டாண்டாக இதுதான் நடக்கிறது. அந்த வயலுக்கு மேலே கூட்டமாகப் பறந்து போனது எது என்று கேட்டால் நம்மில் பெரும்பாலோரால் பதில் சொல்ல முடியாது.

அங்கே பறக்கும் கிளிகளில் செந்தலைக்கிளி ஒன்று. ஆணின் தலை பழுத்த நாவலும் ரோஜாவும் கலந்த நிறம். கழுத்தில் மெல்லிய கறுப்பு வளையம், தோளில் கருஞ்சிவப்புத் திட்டு, நீல வாலின் நுனியில் வெள்ளை. பெண்ணுக்குத் தலை சாம்பல் நீலம், கழுத்தில் மஞ்சள் பட்டை. வாலையும் சேர்த்து அளந்தால் ஏறக்குறைய முப்பத்தைந்து சென்டிமீட்டர், அதில் பாதிக்கு மேல் வால்தான். ஊருக்குள் நாம் பார்க்கும் பச்சைக்கிளியின் கரகரத்த கத்தல் இதற்குக் கிடையாது. மென்மையாக, 'டூய், டூய்' என்று கேட்கும். மரங்களுக்கிடையே வளைந்து வளைந்து, அம்பு வேகத்தில் போகும். இந்தியத் துணைக்கண்டத்தை விட்டால் இது உலகில் வேறெங்கும் கிடையாது. பந்திப்பூரின் ஈரமான பக்கங்களில் நீலச்சிறகுக் கிளியும் இருக்கிறது. அதற்கு மேற்குத் தொடர்ச்சி மலை ஒன்றுதான் வீடு.

நம் பிள்ளைகளுக்கு 'ரியோ' படத்து நீலக்கிளியைத் தெரியும். 2011-இல் வந்த அந்தப் படத்தின் நாயகன், பிரேசிலின் வறண்ட முட்புதர்க் காட்டைச் சேர்ந்த ஸ்பிக்ஸ் மக்காவ். நீல மக்காவ்களில் சிறியது அது. ஓடைக்கரைகளில் நின்ற பெரிய கரையிபா மரங்களின் பொந்துகளை நம்பி வாழ்ந்தது. ஆடுமாடு மேய்ச்சலில் இளங்கன்றுகள் தழைக்காமல் போயின, மரங்கள் குறைந்தன, இருந்த பறவைகளையும் பிடித்து விற்றார்கள். 1990-இல் காட்டில் எஞ்சியிருந்தது ஒரே ஒரு ஆண். சொந்த இனத்தில் துணை இல்லாமல் வேறொரு மக்காவ் இனப் பெண்ணோடு அது சேர்ந்து திரிந்தது. 2000-க்குப் பிறகு அதையும் காணவில்லை. கூண்டில் வளர்த்த பறவைகளைக் கொண்டு 2022-இல் மறுபடி சிலவற்றைக் காட்டில் விட்டார்கள். இந்தக் கதையைக் கேட்டு நாம் வருந்தினோம். ஆனால் பொந்து இல்லாவிட்டால் கிளி இல்லை என்ற அதே கணக்கு நம் பக்கத்துக் காட்டுக்கும் பொருந்தும் என்று நமக்குத் தோன்றவில்லை.

செந்தலைக்கிளி டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை முட்டையிடும், நான்கு முதல் ஆறு வரை. மரங்கொத்தியோ குக்குறுவானோ குடைந்து விட்டுப்போன பொந்தை எடுத்துக்கொள்ளும். மெத்தென்று உளுத்த கிளை கிடைத்தால் தானே குடைந்துகொள்ளும். பொந்துக்கு முதிர்ந்த மரம் வேண்டும், அல்லது நின்றபடியே பட்டுப்போன மரம் வேண்டும். நாம் பட்ட மரத்தை என்னவாகப் பார்த்தோம்? விறகாக. விழுந்தால் ஆபத்து என்றோம், நிலத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது என்றோம். தேக்கும் வெக்காலியும் புரசும் முதுமையடைந்து உள்ளீடற்றுப்போக எத்தனை தலைமுறை ஆகும் என்று யோசிக்காமல் வெட்டினோம். புரசின் பூவிதழ்களையும் இந்தக் கிளி தின்னும். பிப்ரவரியில் காடு இலையுதிர்த்து நிற்கையில் அந்தச் செம்பூக்கள்தான் அதன் தட்டில் சோறு.

அதே பிப்ரவரியில், 2019-இல், பந்திப்பூர் எரிந்தது. நான்காயிரம் ஹெக்டேருக்கு மேல் தீ தின்றது. கோபாலசாமி பெட்டாவை ஒட்டிய சரிவுகள் கரியாயின. புகைப்படங்களைப் பகிர்ந்தோம். யானை தப்பியதா, புலி தப்பியதா என்று கேட்டோம். அது கிளிகள் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் காலம். தாய்க்கிளி பறந்துவிடும், பொந்துக்குள் இருக்கும் குஞ்சால் முடியாது. காய்ந்த உண்ணிச்செடிப் புதர் வழியாக மேலேறும் தீ, பட்ட மரத்தை அடியிலிருந்து நாட்கணக்கில் புகையவைத்துச் சாய்த்துவிடும். பசுமரம் மறு மழைக்குத் துளிர்க்கலாம், சாய்ந்த பட்டமரம் திரும்ப நிற்காது. அந்தப் பொந்துகளைப் பற்றி நாம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

கிளியை நாம் அறியாதவர்களா என்ன? மீனாட்சியின் கையில் கிளி. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளுக்கு நாள்தோறும் இலைகளால் புதிதாய் ஒரு கிளி செய்கிறார்கள். குறிஞ்சித்திணை முழுக்க, தினைப்புனத்துப் பரண்மேல் இருந்து தட்டை, தழல், குளிர் என்னும் கருவிகளைக் கொண்டு கிளியோட்டும் பெண்கள். கிளி விளைச்சலைத் தின்னும் என்று அந்தக் கவிஞர்களுக்குத் தெரியும். ஓட்டினார்கள், ஓட்டிய பின்னும் அதைப் பாடினார்கள். நாமோ வழிபாட்டில் வைத்துக்கொண்டு, வாழ்விடத்தைக் கைவிட்டுவிட்டோம்.

கூண்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நம் நாட்டுக் கிளியைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வளர்ப்பதும் குற்றம். எத்தனை வீடுகளில் இது தெரியும்? தெரிந்த வீடுகளிலும் எத்தனை வீடுகளில் கூண்டு காலியானது? 2024 நாடாளுமன்றத் தேர்தல் நேரத்தில் கடலூர்ப் பக்கம் ஒரு வேட்பாளர் வெல்வார் என்று சீட்டெடுத்துக் கொடுத்த கிளிகளை வனத்துறை பறிமுதல் செய்தது. ஊடகமெங்கும் அது அரசியல் செய்தியாக ஓடியது, நாமும் அப்படியே படித்தோம். அந்தக் கிளிகள் எந்தப் பொந்திலிருந்து இறகு முளைக்கும் முன்னே எடுக்கப்பட்டன என்று எண்ணிப் பார்த்தவர்கள் குறைவு. குஞ்சை எடுப்பதற்காகப் பொந்தை உடைத்துப் பெரிதாக்கினால் அடுத்த ஆண்டு அந்தப் பொந்துக்குக் கிளி வருவது அரிது.

உழவரையும் நாம் தனியே விட்டுவிட்டோம். சூரியகாந்தி மணி பிடிக்கிற வாரங்களிலும் சோளம் பால் பிடிக்கிற நாட்களிலும் விடியலிலிருந்தே தகரம் தட்டி, கூவிக்கொண்டு நிற்கிறவர்கள் குண்டலுபேட்டை மானாவாரி விவசாயிகள். எண்ணெய் நம் சமையலறைக்கு வருகிறது, படம் நம் கைபேசிக்கு வருகிறது, கிளி தின்ற இழப்பு மட்டும் அவர் கணக்கில் நிற்கிறது. இதில் கிளியை எதிரியாக அவர் நினைத்தால் அவரைக் குறைசொல்ல நமக்கு வாயில்லை.

கைவிடாமல் ஏதேனும் செய்தவர்களும் இருக்கிறார்கள். மைசூரைச் சேர்ந்த காட்டுயிர்ப் படக்கலைஞர்கள் கிருபாகரும் சேனானியும் 'நம்ம சங்க' என்ற அமைப்பின் வழியாகப் பந்திப்பூர் ஓரத்துக் கிராமங்களுக்கு எரிவாயு இணைப்பு கிடைக்க வழிசெய்தார்கள். அடுப்பு மாறியதும் காட்டிலிருந்து இறங்கும் விறகுச் சுமை குறைந்தது. விறகுக்குப் போகாத ஒவ்வொரு பட்ட மரமும் பொந்தாக நிற்க வாய்ப்புண்டு. தமிழில் மா. கிருஷ்ணனும் தியடோர் பாஸ்கரனும் காட்டுயிர் பற்றி நமக்காக இத்தனை எழுதிவைத்தும், பறவை என்றால் வேடந்தாங்கலுக்கு ஒருநாள் பயணம் என்ற அளவிலேயே நாம் நின்றுவிட்டோம். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் (ஐ.யு.சி.என்.) பட்டியலில் செந்தலைக்கிளிக்கு அச்சுறுத்தல் குறைவு என்றிருப்பது நம் அக்கறையின்மைக்கு வசதியாகிவிட்டது. அதே பட்டியலில் அதன் உறவான பெரிய பச்சைக்கிளி, அச்சுறுத்தலை நெருங்கிய நிலைக்கு ஏற்கெனவே நகர்ந்துவிட்டது.

அடுத்தமுறை சூரியகாந்திக்காக வண்டியை நிறுத்தினால், கால்மணி நேரம் கேமராவை இறக்கிவிட்டு மேலே பாருங்கள், காது கொடுங்கள். வீட்டில் கிளிக்கூண்டு இருந்தால் பறவையை நீங்களாகத் திறந்துவிடாதீர்கள், கூண்டில் வளர்ந்தது பழக்கமில்லாமல் வெளியே பிழைப்பது அரிது; வனத்துறையிடம் ஒப்படையுங்கள். உங்கள் தோட்டத்து வரப்பில் பட்ட மரம் நின்று, அதனால் யாருக்கும் ஆபத்தில்லை என்றால் நிற்கட்டும். வெட்டியே ஆகவேண்டுமென்றால் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை அதன்மேல் கோடாரி வைக்காதீர்கள்.