டி டிரைவ் உங்களைக் காப்பாற்றாது

ஒரு சின்னக் கேள்வி. உங்க வீட்டு கம்ப்யூட்டர்ல எத்தனை ஹார்டு டிஸ்க் இருக்கு?

"சி, டி, இ... மொத்தம் மூணு" என்று பதில் சொல்கிறவர்கள் நம்ம காலேஜிலேயே நிறைய பேர் உண்டு. சைடு பேனலைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே இருப்பது ஒரே ஒரு டிஸ்க். அதைத்தான் மூன்று பார்ட்டிஷனாகப் பிரித்து மூன்று எழுத்து வைத்திருக்கிறார்கள். ஒரு பீரோவுக்குள் மூன்று தட்டு இருக்கிற மாதிரி. மேல்தட்டில் புடவை, நடுத்தட்டில் பத்திரம், கீழ்த்தட்டில் பழைய ஆல்பம். பீரோவே தீப்பிடித்தால் எந்தத் தட்டு தப்பிக்கும்?

இந்த டி டிரைவ் நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் சிரிப்பு வரும். வைரஸ் வந்தாலும், விண்டோஸ் படுத்துக்கொண்டாலும் சர்வீஸ் அண்ணன் வருவார். சி டிரைவை மட்டும் ஃபார்மட் அடித்து, விண்டோஸை மறுபடி ஏற்றிக் கொடுப்பார். போகும்போது "டெஸ்க்டாப்ல எதையும் வைக்காதீங்க சார், முக்கியமானதெல்லாம் டி-ல போடுங்க" என்று அறிவுரையும் சொல்லிவிட்டுப் போவார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. மென்பொருள் கோளாறுக்கு அந்த வைத்தியம் சரி. ஆனால் நம்ம வீட்டில் அதை எப்படிப் புரிந்துகொண்டார்கள்? "டி-ல இருக்குல்ல, அப்போ பத்திரமா இருக்கு." அக்கா கல்யாண போட்டோ, தாத்தா கடைசியாகப் பேசின வீடியோ, அப்பா ஸ்கேன் பண்ணி வைத்த பட்டா, நம்ம மினி புராஜெக்ட் எல்லாம் அந்த நம்பிக்கையில்தான் கிடக்கிறது.

அதனால் என் கருத்தை நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். வீட்டு கம்ப்யூட்டரில் இரண்டாவது ஹார்டு டிஸ்க் மாட்டுவது இடம் பத்தாமல் போகும்போது செய்யும் வேலை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். முதல் டிஸ்க்கில் பாதி காலியாக இருந்தாலும் இரண்டாவது வேண்டும். அதை மாட்ட வேண்டியவர் சர்வீஸ் அண்ணன் கிடையாது, பொறியியல் படிக்கிற நீங்கள்தான்.

டிஸ்க் சாகும்

ஹார்டு டிஸ்க் என்பது எலக்ட்ரானிக்ஸ் மட்டுமில்லை, பாதி மெக்கானிக்கல். 7200 ஆர்.பி.எம். என்று லேபிளில் போட்டிருந்தால் உள்ளே தட்டு நொடிக்கு 120 சுற்று சுற்றுகிறது. அதற்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில் ஹெட் மிதக்கிறது. நம்ம தலைமுடியின் தடிமன் பல்லாயிரம் நானோமீட்டர் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இப்படி ஒரு பொருள் ஆண்டுக்கணக்கில் ஓடுவதே ஆச்சரியம்.

பேக்பிளேஸ் என்ற அமெரிக்க நிறுவனம் தன் டேட்டா சென்டர்களில் ஓடுகிற லட்சக்கணக்கான டிஸ்க்குகளின் கணக்கைத் தொடர்ந்து வெளியிடுகிறது. ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்று, ஒன்றரை டிஸ்க் போய்விடுகிறது. அது ஏ.சி. அறையில், சீரான மின்சாரத்தில் ஓடுகிற டிஸ்க். நம்ம வீட்டில் சித்திரை வெயில், ஃபேன் முழுக்கத் தூசி, யு.பி.எஸ். பேட்டரி செத்து ரெண்டு வருஷம், நடுவில் நாலு முறை கரன்ட் கட். அதில் எட்டு வருஷமாக ஓடுகிற டிஸ்க்கைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

போனபின் ரெகவரிக்குக் கொண்டுபோனால், ஹெட் பழுதாகியிருக்கும் பட்சத்தில் ஒரு புது டிஸ்க் விலையைப் போலப் பல மடங்கு கேட்பார்கள். திரும்பக் கிடைக்கும் என்ற உத்தரவாதமும் கிடையாது.

"கிளவுட் இருக்கே பாஸ்?"

இருக்கு. கூகுளில் இலவசமாகக் கிடைப்பது 15 ஜி.பி. அதையும் மெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றும் பங்கு போட்டுக்கொள்கின்றன. வீட்டில் 500 ஜி.பி. போட்டோவும் வீடியோவும் இருந்து, அப்லோடு வேகம் 20 எம்.பி.பி.எஸ். என்றால் கணக்கு போட்டுப் பாருங்கள். 500 ஜி.பி. என்பது 40 லட்சம் மெகாபிட். 20-ஆல் வகுத்தால் 2 லட்சம் நொடி, அதாவது ஏறக்குறைய 55 மணி நேரம், இடையில் ஒரு தடவைகூட நெட் போகாமல் இருந்தால்! அதன் பிறகு மாதாமாதம் வாடகை. மிக முக்கியமான சில கோப்புகளுக்குக் கிளவுட் நல்லதுதான். மொத்த வீட்டுக்கும் என்றால் ஒரே ஒரு முறை காசு கொடுத்து வாங்குகிற டிஸ்க்தான் நடுத்தர வீட்டுக்குக் கட்டுப்படி ஆகும்.

"எக்ஸ்டர்னல் போதுமே" என்பது அடுத்த கேள்வி. எக்ஸ்டர்னலும் வேண்டும், அதற்குப் பிறகு வருகிறேன். ஆனால் அதை யாராவது எடுத்து, செருகி, காப்பி பண்ணினால்தான் வேலை நடக்கும். நீங்க ஹாஸ்டலில் இருக்கிறீர்கள். அம்மா வாராவாரம் செருகிக்கொண்டிருக்கப் போவதில்லை. உள்ளேயே இருக்கிற இரண்டாவது டிஸ்க்குக்கு யாரும் ஞாபகப்படுத்தத் தேவையில்லை.

எதை வாங்குவது?

பழைய டிஸ்க்கைத் தூக்கிப் போடாதீர்கள். புதிதாக ஒரு எஸ்.எஸ்.டி. வாங்கி அதை முதல் டிஸ்க் ஆக்குங்கள், பழையதை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள். காரணம் எளிய கணக்கு. 7200 ஆர்.பி.எம்.மில் ஒரு சுற்றுக்கு 8.33 மில்லி செகண்ட். சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருப்பு 4.17. ஹெட் நகர ஏறக்குறைய 9. ஆக ஒவ்வொரு தேடலுக்கும் 13 மில்லி செகண்ட், நொடிக்கு 75 தேடல்தான். சாதாரண எஸ்.எஸ்.டி.கூட ஆயிரக்கணக்கில் செய்யும். "சிஸ்டம் ஸ்லோவா இருக்கு, புதுசு வாங்கணும்" என்று வீட்டில் புலம்புகிற பல கம்ப்யூட்டர்களுக்கு இந்த ஒரு மாற்றமே போதும்.

ஆனால் பழைய டிஸ்க்கின் உடம்பை முதலில் சோதியுங்கள். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் அதன் ஸ்மார்ட் விவரங்களைக் காட்டும். ரீஅலோகேட்டட் செக்டார், பென்டிங் செக்டார் இரண்டும் பூஜ்ஜியமாக இருந்தால் நல்லது. எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் அதை நம்பாதீர்கள், இரண்டாவதாகவும் ஒரு புது டிஸ்க் வாங்குங்கள்.

மாட்டுவது பிரம்ம வித்தை இல்லை

நம்ம சீனியர்களுக்கு முந்தைய தலைமுறை 40 பின் ஐ.டி.இ. கேபிளோடும் மாஸ்டர், ஸ்லேவ் ஜம்பரோடும் மல்லுக்கட்டியது. 2003-க்குப் பிறகு சாட்டா வந்து அதையெல்லாம் ஒழித்துவிட்டது. ஒரு டிஸ்க்குக்கு ஒரு டேட்டா கேபிள், ஒரு பவர் கேபிள், அவ்ளோதான். இரண்டுமே எல் வடிவம். தலைகீழாகச் செருக முடியாது, அதனால் அழுத்தித் திணிக்கவும் வேண்டாம்.

முக்கியமான போட்டோக்களை வேறு எங்காவது காப்பி பண்ணிவிட்டுத்தான் திருப்புளியை எடுக்க வேண்டும். அப்புறம் ஷட்டவுன் செய்து பவர் கார்டைப் பிடுங்குங்கள். பவர் பட்டனைச் சில நொடி அழுத்தினால் மிச்ச மின்சாரம் வடிந்துவிடும். கேபினெட்டின் இரும்பைத் தொட்டுவிட்டு வேலையை ஆரம்பித்தால் உடம்பில் இருக்கும் ஸ்டாட்டிக்கும் போய்விடும். மதர்போர்டில் காலி சாட்டா போர்ட் இருக்கிறதா, எஸ்.எம்.பி.எஸ்.ஸில் காலி சாட்டா பவர் இருக்கிறதா என்று கடைக்குப் போகும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். பவர் இல்லையென்றால் மோலெக்ஸ் கன்வர்ட்டர் வாங்கலாம். ஆனால் பிளாஸ்டிக்கில் வார்த்த மலிவான ரகம் உருகித் தீப்பிடித்த கதைகள் உண்டு. அந்த இடத்தில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள்.

எஸ்.எஸ்.டி.யில் விண்டோஸ் ஏற்றும்போது பழைய டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி வையுங்கள். இல்லாவிட்டால் பூட் கோப்புகள் பழைய டிஸ்க்கிலேயே போய் உட்கார்ந்துகொள்ள வாய்ப்பு உண்டு. பிறகு அந்தப் பழைய டிஸ்க் போகும் நாளில் புதுசும் சேர்ந்து எழுந்திருக்காது. விண்டோஸ் ஏறி முடிந்ததும் பழையதை மாட்டி, பயாஸில் எஸ்.எஸ்.டி. முதலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவதும் புதுசு என்றால் ஒரு விஷயம். மாட்டி ஆன் பண்ணினதும் மை கம்ப்யூட்டரில் அது தெரியாது. "டூப்ளிகேட் கொடுத்துட்டான்" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். டிஸ்க் மேனேஜ்மென்டில் போய் இனிஷியலைஸ் பண்ண வேண்டும். ஜி.பி.டி.யைத் தேர்ந்தெடுங்கள் (நம்ம அசைன்மென்ட் எழுதிக் கொடுக்கிற ஜி.பி.டி. இல்லை, இது வேற). பழைய எம்.பி.ஆர். முறையில் சாதாரணமாக 2 டி.பி.க்கு மேல் பயன்படுத்த முடியாது. ஃபார்மட் கொடுக்கும் முன் டிஸ்க் 0-வா டிஸ்க் 1-ஆ என்று இரண்டு முறை பாருங்கள். டேட்டா இருக்கிற பழைய டிஸ்க்கைக் காட்டி "ஃபார்மட் பண்ணட்டுமா?" என்று கேட்டால் தயங்காமல் வேண்டாம் என்று சொல்லுங்கள். 1 டி.பி. வாங்கினது 931 என்று காட்டும். அதுவும் ஏமாற்று வேலை இல்லை. கம்பெனி ஆயிரத்தால் வகுக்கிறது, விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது.

மாட்டிய பிறகுதான் விஷயமே

இனிதான் பெரும்பாலான வீடுகளில் கதை கெடுகிறது. இரண்டாவது டிஸ்க் வந்த சந்தோஷத்தில், "முதல் டிஸ்க் காலியாகட்டும்" என்று எல்லாப் போட்டோவையும் கட் பண்ணிப் புது இடத்தில் பேஸ்ட் பண்ணிவிடுகிறோம். யோசித்துப் பாருங்கள்: முன்பு ஒரே இடத்தில் இருந்தது, இப்போதும் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. வீடு மாறியதே தவிர காவல் கூடவில்லை. ஒரு கோப்பு இரண்டு டிஸ்க்கிலும் இருக்கும்போதுதான் நீங்கள் கொடுத்த காசுக்கு அர்த்தம். விண்டோஸிலேயே ஃபைல் ஹிஸ்டரி இருக்கிறது. லினக்ஸ் ஆட்கள் ஆர்சிங்க்கை கிரானில் போட்டுவிடலாம். ஒரு முறை அமைத்தால் அது பாட்டுக்கு ஓடும்.

இதோடும் முடியவில்லை. ஒரே கேபினெட்டுக்குள் இருக்கிற இரண்டு டிஸ்க்குக்கும் எஸ்.எம்.பி.எஸ். ஒன்று, வீடும் ஒன்று. இடி இறங்கினால் இரண்டும் போகலாம். 2017 மே மாதம் பரவிய வன்னாக்ரை போன்ற ரான்சம்வேர் எந்த டிரைவ் மாட்டியிருந்தாலும் அதிலுள்ள கோப்புகளைப் பூட்டிவிடும். 2015 டிசம்பரில் சென்னையில் தரைத்தளத்துக்குள் வெள்ளம் புகுந்தபோது மேஜைக்கு அடியில் இருந்த சி.பி.யு.வில் எத்தனை டிஸ்க் இருக்கிறது என்று தண்ணீர் கேட்கவில்லை.

அதனால்தான் 3-2-1 என்று ஒரு விதி சொல்வார்கள். மூன்று பிரதி, இரண்டு வகை சாதனம், ஒன்று வேறு ஊரில் அல்லது வேறு இடத்தில். எக்ஸ்டர்னலுக்கு இங்கேதான் வேலை. அந்த "வேறு இடம்" நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது: உங்க ஹாஸ்டல் அலமாரி! செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போகும்போது எக்ஸ்டர்னலை எடுத்துப் போங்கள், புதுசை எல்லாம் ஏற்றிக்கொண்டு திரும்பி வாங்கள். முறுக்கு டப்பாவோடு அதுவும் ஒரு ஓரத்தில் இருந்துவிட்டுப் போகட்டும்.

டேட்டா ஸ்ட்ரக்சரில் ரெட்-பிளாக் மரம் வரைகிறோம், ஆப்பரேட்டிங் சிஸ்டத்தில் டிஸ்க் ஷெட்யூலிங்குக்கு 16 மார்க் எழுதுகிறோம். வீட்டில் இருக்கிற டிஸ்க்கைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? இந்த லீவில் கொரியர் வருவதற்காகவோ நெட் வருவதற்காகவோ காத்திருக்கும் அரை மணி நேரத்தில் சைடு பேனலைக் கழற்றுங்கள். அப்பாவையும் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள், "இதுல உடைச்சிடாதடா" என்று பயப்படுவார். முடித்ததும் அக்கா கல்யாண ஆல்பத்தை இரண்டு டிஸ்க்கிலிருந்தும் தனித்தனியாகத் திறந்து காட்டுங்கள். பேக்கப் சரியாக நடந்திருக்கிறதா என்பதற்கு அதுதான் டெஸ்ட்டும்கூட.