போர் வண்டிக்குப் புது பெயின்ட் எதற்கு?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறி வீட்டின் பின்கட்டில் பல காலமாகச் சாக்குப் போட்டு மூடிக் கிடந்த மோட்டார் சைக்கிளை இந்தப் பொங்கலுக்கு வெளியே எடுத்தார்கள். பி.எஸ்.ஏ. எம்20. இரண்டாம் உலகப் போருக்காகப் பர்மிங்காமில் செய்த 500 சிசி வண்டி. போர் முடிவதற்குள் இந்த மாடலில் மட்டும் ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேல் செய்தார்கள். அந்த வீட்டுத் தாத்தா இதை ராணுவ ஏலத்தில் எடுத்திருக்கிறார். நான் ராணுவத்தின் இ.எம்.இ. பிரிவில் வண்டி மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்கள்.

பேரன் கேட்டது ஒன்றுதான். "மாமா, பழைய பெயின்டையெல்லாம் சுரண்டிட்டு, குரோம் போட்டு, ஷோரூம்ல இருந்து வந்த மாதிரி ஆக்கிக் குடுங்க."

வேண்டாம் என்றேன். இப்படி ஒரு வண்டியை வீட்டில் வைத்திருக்கும் எல்லோருக்கும் அதையே சொல்வேன்.

அந்த டேங்கில் மேலாக இருப்பது கறுப்பு. ஏலத்தில் எடுத்தவர் ஊருக்காக அடித்தது. அது உரிந்த இடத்தில் ராணுவப் பச்சை. அதன்மேல், வெள்ளையில், 'சி' என்ற ஆங்கில எழுத்தும் பாதி அழிந்த எண்களும். பிரிட்டிஷ் ராணுவத்தில் மோட்டார் சைக்கிள்களின் எண் அந்த எழுத்தில்தான் தொடங்கும். வண்டியின் பிறப்புச் சான்று என்று சொல்ல இன்று மிஞ்சியிருப்பது இந்த எண்ணும், ஃபிரேமிலும் எஞ்சினிலும் குத்திய எண்களும்தான்.

அதைவிட முக்கியமானது ஹேண்டில்பார். அதில் ரப்பர் கிரிப் இல்லை. கித்தான் துணி சுற்றிய கிரிப். கால் வைக்கும் இடத்திலும் ரப்பர் இல்லை, வெறும் இரும்பு. பார்ப்பவர்கள் யாரோ கழற்றிவிட்டார்கள் என்று நினைப்பார்கள். அப்படியில்லை. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. அதற்குள் மலாயா முழுவதும் ஜப்பான் கையில். உலகத்துக்கு ரப்பர் கொடுத்த தோட்டங்கள் போயின. இருந்த ரப்பரை டயருக்கென்று ஒதுக்கிவிட்டு, கிரிப்புக்குக் கித்தானும் ஃபுட்ரெஸ்டுக்கு இரும்பும் போதும் என்று தொழிற்சாலைகள் முடிவு செய்தன.

அந்தத் தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் பெரும்பாலோர் நம் ஊர்களிலிருந்து கப்பலேறிப் போன தமிழர்கள். ரப்பர் விற்பனை நின்றதும் அவர்களுக்குப் பிழைப்பு போனது. சயாம்–பர்மா ரயில் பாதைக்கு ஜப்பானியர் கொண்டுபோனவர்களில் ஆயிரமாயிரம் பேர் காலராவிலும் பட்டினியிலும் மடிந்தார்கள். அவர்கள் வெட்டாமல் போன பாலின் கணக்கு இந்தக் கைப்பிடியில் இருக்கிறது. புதுப்பிக்கும் பட்டறைகளில் முதலில் குப்பைக்குப் போவது இந்தக் கித்தான்தான். சென்னைப் புதுப்பேட்டையில் ஒரு ஜோடி ரப்பர் கிரிப் வாங்கி மாட்டக் கால் மணி நேரம் ஆகாது. அத்தோடு அந்த வண்டி போருக்குப் போனதற்கான சாட்சி போய்விடும்.

ஓட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஓட வேண்டும். ஆனால் எடுத்தவுடன் கிக்கரை மிதிக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிச் சிலிண்டருக்குள் எண்ணெய் ஊற்றி ஊறவிடுங்கள். பிறகு கியரில் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் மெல்லத் திருப்பிப் பாருங்கள். நின்ற வண்டியில் ஆயில் டேங்கில் இருந்த எண்ணெய் கிராங்க் கேஸுக்குள் இறங்கியிருக்கும்; அதை வடியுங்கள். வெடித்த டயர், எலி கடித்த ஒயர், தேய்ந்த பிரேக் லைனிங் ஆகியவற்றை மாற்றியே ஆகவேண்டும், அது உயிர் விஷயம். கழற்றியதை எறியாமல் பெயர் எழுதிக் கட்டி வையுங்கள். துருவுக்கு எண்ணெய்த் துணி போதும். மணல் பீய்ச்சுவதும் பஃபிங்கும் வேண்டாம்.

நம் ஊர்க்காரர்களுக்கு இது புரியாத விஷயமில்லை. கைலாசநாதர் கோயிலில் மணற்கல் சிற்பங்கள்மேல் பிற்காலத்தில் நல்ல எண்ணத்தோடுதான் சுதை பூசினார்கள். அந்த இடங்களில் இன்று, கோயிலைக் கட்டிய பல்லவ மன்னன் ராஜசிம்மன் காலத்து உளி தெரிவதில்லை. அதே கோயிலில் 1931இல் பிரெஞ்சு ஆய்வாளர் ழுவோ துப்ரே கண்டறிந்த பல்லவ ஓவியங்கள் துண்டு துண்டாகத்தான் இருக்கின்றன. அவற்றை முழுதாக்குகிறேன் என்று யாராவது தூரிகை எடுத்தால் ஊரே திரண்டு தடுக்கும். அந்த அக்கறையில் கொஞ்சம் இரும்புக்கும் வேண்டும்.

அரசுக்கும் ஒரு கோரிக்கை. 2021இல் வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தம், ஐம்பது ஆண்டு தாண்டிய வண்டிகளுக்கு 'வி.ஏ.' வரிசையில் தனிப் பதிவு தருகிறது. நல்ல விதி. பெரிய மாற்றம் எதுவும் செய்திருக்கக் கூடாது என்கிறது. ஆனால் அது பெயர் சொல்லிக் காப்பது சேஸியையும் பாடியையும் எஞ்சினையும்தான். பழைய பெயின்டும் ராணுவ எண்ணும் அந்தக் காப்பில் சேர வேண்டும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். கார் சேகரிக்கும் செல்வந்தருக்கு அது பொருட்டில்லை. தறி ஓட்டும் குடும்பத்துக்குப் பெரிய தொகை. முன்பே பதிவான வண்டிக்குப் பழைய ஆர்.சி. வேறு கேட்கிறார்கள். தாத்தா காலத்து ஏலத்தில் வந்த வண்டிக்கு அந்தப் புத்தகம் எத்தனை வீட்டில் பத்திரமாக இருக்கும்? பழைய பூச்சைச் சுரண்டாத ராணுவ வண்டிகளுக்குக் கட்டணத்தைக் குறைத்து, ஃபிரேம் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் நேரில் பார்த்துப் பதிவு செய்ய வழி செய்ய வேண்டும். இல்லாவிட்டால் இவை எடைக்குத்தான் போகும்.

நம் மாவட்டத்து ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் ராயல் என்ஃபீல்டு வண்டிகள் உருவாகின்றன. 1950களின் தொடக்கத்தில் இந்திய ராணுவம் கேட்ட புல்லட்டிலிருந்துதான் அந்தத் தொழில் சென்னையில் வேர்விட்டது. ராணுவ வண்டியால் வளர்ந்த மாவட்டத்தில், பழைய பூச்சைச் சுரண்டாத ராணுவ வண்டிகளுக்கென்று ஒரு காட்சிக்கூடம் அமைய வேண்டும். பிள்ளையார்பாளையத்துப் பேரன் இப்போதைக்குச் சம்மதித்திருக்கிறான். அடுத்த வீட்டுப் பேரனுக்கு யார் சொல்வது? சட்டம்தான் சொல்ல வேண்டும்.