டக்காரும் மண்ணெண்ணெய்க் காரும்

தை பிறந்தால் லாச்சப்பலில நான் தேத்தண்ணி குடிக்கிற கடையின்ர ரீவியில டக்கார் ஓட்டம் தான். 2020இல இருந்து அது சவூதியில நடக்குது, பேர் மட்டும் பழசு. 1978 மார்கழி 26இல முதல் ஓட்டம் வெளிக்கிட்டது இதே பரிஸில, துறோக்கடேறோவில. 182 வாகனம் வெளிக்கிட்டு 74 தான் டக்கார் போய்ச் சேர்ந்தது.

போன கிழமை பக்கத்தில இருந்த அண்ணை ரீவியைப் பார்த்து, "உவன் பிறேக்கில கால் வைக்கிறான், புதையப் போறான்" எண்டார். புதைஞ்சுது.

இளம் பெடியள் சிரிச்சாங்கள். உவருக்கு என்ன தெரியும் எண்டு. எனக்குக் கோபம் வந்தது, அதுதான் இதை எழுதுறன்.

1996 மாரியில, கிளிநொச்சி விட்டு சனம் ஓடின நேரம், அக்கராயனில இருந்து மல்லாவிக்கு அவர் ஏ40 ஓடினவர். பொருளாதாரத் தடை, பெற்றோல் இல்லை. சின்னப் போத்திலில இருக்கிற பெற்றோலைக் காபரேற்றருக்குள்ள விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்திறது. எஞ்சின் நிண்டு குளிர்ந்தால் திரும்பவும் பெற்றோல் வேணும். அதனால சேத்துக்கை நிக்கவே கூடாது. ரயருக்குக் காத்தைக் குறைச்சு, கியர் மாத்தாமல் ஒரே இழுவையில போகவேணும். மணல்மேட்டில டக்கார்க்காரர் செய்யிறதும் உதே தான். ஆனால் அவைக்கு நாலு சில்லும் இழுக்கும், மேல உதவிக்கு ஹெலி பறக்கும். எங்களுக்கு ஹெலி பறந்தால் லைற்றை நூக்கவேணும். பின் சீற்றில வலி கண்ட பிள்ளைத்தாச்சி. புதைஞ்சால் சில்லுக்குக் கீழ காவோலை.

டக்கார்க்காரரை நான் குறை சொல்லேல்லை. அதுவும் உயிரோட விளையாட்டுத்தான், அதைத் தொடக்கின தியெறி சபினே 1986இல மாலியில ஹெலி விழுந்து செத்தவர். ஆனால் அவையின்ர பேர் தெரிஞ்ச எங்கட பிள்ளையளுக்கு, தங்களையும் தாய்மாரையும் காட்டுக்குள்ளால கொண்டுவந்த சாரதிமாரில ஒருத்தரின்ர பேரும் தெரியாது. பிழை பிள்ளையளில இல்லை. நாங்கள் சொல்லேல்லை, கேட்டு எழுதி வைக்கவும் இல்லை. அந்தாக்களுக்கும் வயது போகுது.

அண்ணை இஞ்ச வந்த நாளில இருந்து குசினியில கோப்பை கழுவுறார். லைசென்சுக்கு எழுத்துச் சோதினை, 40 கேள்வியில 35 சரி வரவேணும். மூண்டு தரம் பெயில். கார் தெரியும், பிரெஞ்சு தான் தெரியாது.

அடுத்த மாதம் நாலாந் தரம். வேலை முடிஞ்சு வந்து என்னட்டைத்தான் கேள்வியளை வாசிச்சு விளங்கப்படுத்தச் சொல்லுறார்.